ஒதுக்கி வைத்த பீடிகள்

ஊசி போடாத டாக்டர் நான்.
"பின்ன என்னத்துக்கு வெள்ளக் கோட்டு?"
என்றாள் மைமூன் பீவி,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
எண்டோஸ்கோப்பி அறை வாசலில்.
என் கையில் ஒரு ஃபார்மலின் குப்பி,
அவள் கைநாட்டு வைக்க ஒரு சம்மதப் படிவம்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்
என்று படிவத்தில் ஒரு கட்டம்.
மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள்.
போய்வந்த ஒவ்வொரு தடவைக்கும்
சொளவின் ஓரத்தில் ஒரு பீடி ஒதுக்குவாள்.
ராத்திரி எண்ணி மகனை எழுதச் சொல்வாள்.
பதினாலு.
ரத்தம் கலந்து போனால்
நூல் கட்டாத பீடி.
முப்பது வருடத்தில் எனக்கு
இவ்வளவு சுத்தமான தரவு யாரும் தந்ததில்லை.

என்ன ஆராய்ச்சி என்பார் ஆட்டோக்காரர்.
வயித்தெரிச்சல் என்பேன்.
"யாரு மேலம்மா?"

குடலின் உட்சுவர்
ஒரே ஒரு செல் தடிப்பு.
அந்தப் பக்கம்
நேற்றைய சொதி, காலையின் நீராகாரம்,
பெயர் வைக்காத கோடி நுண்ணுயிர்கள்.
இந்தப் பக்கம்
உடம்பின் காவல்படையில் பாதிக்கு மேல்.
ஆனாலும் சத்தமில்லை.
சண்டை ஏன் வருகிறது என்று மற்றவர்கள் தேடினார்கள்.
மாணவியாக இருந்தபோதே என்னைப் பிடித்துக்கொண்டது
இத்தனை நாள் ஏன் வரவில்லை
என்ற கேள்வி.

குடிதண்ணீரில் ஒரு வெள்ளைப் பொடி கலந்தால்
ஐந்தாம் நாள் எலிக்கு வயிறு கலங்கும்.
எட்டாம் நாள் குடலை நீட்டி ஸ்கேலில் அளப்போம்.
நல்ல குடல் ஒன்பது சென்டிமீட்டர்.
புண்ணான குடல் ஆறு.
எலிவீட்டுக்குப் பொறுப்பு உச்சிமாகாளி.
எடை எழுதுவார், தீனி வைப்பார்.
செவ்வாய்க்கிழமை கொல்ல மாட்டார்.
ஆகவே எங்கள் சோதனைகள் எல்லாம்
புதன்கிழமை முடிந்தன.
செய்முறைப் பகுதியில் இதை எழுத இடமில்லை.

இரண்டாயிரத்து ஏழில் ஒரு மூலக்கூறு.
கொடுத்த எலிகளுக்குக் குடல் சுருங்கவில்லை.
கட்டுரை வந்தது, பொன்னாடை வந்தது.
ஜெபக்கனி என்ற மாணவி
அதையே மூன்று தரம் திரும்பச் செய்தாள்.
வரவில்லை.
நாலாம் தரம் கூண்டுகளைக் கலைத்து அடைத்தாள்.
ஒன்றின் புழுக்கையை ஒன்று தின்று
கிருமிகளைப் பங்குபோட்டுக்கொண்ட எலிகள்
மருந்து குடிக்காமலே தேறின.
நான் மருந்தென்று எழுதியது
அவை ஒரே கூண்டில் கிடந்ததை.
கட்டுரையைத் திரும்பப் பெற இரண்டே வரிக் கடிதம்.
எழுத நாலு மாதம் ஆனது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் வேண்டும்.
கல்லூரிப் பையன்கள் வரிசையில் வந்தார்கள்.
முழங்கைக்கு மேல் நான் ரப்பர் பட்டை கட்டினேன்.
மணிக்கட்டில் அவர்களே கட்டியிருந்தார்கள்,
ஆளுக்கொரு நிறத்தில் கயிறு.
ஒரு பெஞ்சில் இரண்டு நிறம் உட்காரவில்லை.
குழாய்களில் எண் மட்டும் ஒட்டினேன்.
பன்னிரண்டாம் எண் எந்தக் கயிறு என்று
இயந்திரத்துக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்திருந்தது,
சாயங்காலம் வரை.

வெள்ளம் வந்த டிசம்பரில்
வண்ணார்பேட்டைத் தரைத்தளத்தில் இருந்த ஃப்ரீசர்
மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது.
பதினோரு வருடக் குப்பிகள்.
சேற்றில் பொறுக்கி எடுத்துத் துடைத்து
எண்களை வாசித்துக்கொண்டே இருந்தார் உச்சிமாகாளி.
"போதும் விடுங்க" என்றேன்.
"எழுதிக்கிடுங்க" என்றார்.
எழுதிக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து மேலப்பாளையம் போனேன்.
மைமூனுக்கு மருந்து மாற்றி எட்டு மாதம்.
மருந்தாலா, அவள் மாற்றிய சாப்பாட்டாலா,
வேறு எதனாலா, தெரியாது.
ஒரு ஆள் தரவில் முடிவு சொல்லக் கூடாது.
"புதுப் படிவமா?" என்று சிரித்து
சொளவை என் பக்கம் நகர்த்தினாள்.
ஓரத்தில் இரண்டு பீடி.
எடுத்துப் பார்த்தேன்.
இரண்டிலும் நூல் கட்டியிருந்தது.